ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்த பழைய ஸ்டீரியோ ரிசீவர்: பழுதை எங்கே தேடுவது?

கேள்வி இது: "அப்பா 1970களில் வாங்கிய ஸ்டீரியோ ரிசீவர். சில மாதங்களாக இடது பக்கம் மட்டும் சத்தம் கம்மி. பேலன்ஸ் குமிழை முக்கால்வாசி திருப்பினால்தான் இரண்டு பக்கமும் சமமாகிறது. வால்யூமை நன்றாகக் கூட்டினால் திடீரென்று சரியாகி, அன்று முழுக்க ஒழுங்காகப் பாடுகிறது; மறுநாள் பழையபடி. பார்த்த மெக்கானிக் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் எல்லாக் கண்டென்சரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்டீரியோ பெட்டி நமக்கு ஒரு பெரிய வசதியைத் தருகிறது. இடது, வலது என்று ஒரே சர்க்யூட் உள்ளே இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பழுதான பக்கத்தில் எந்தப் புள்ளியில் எவ்வளவு வோல்டேஜ் இருக்க வேண்டும் என்பதை நல்ல பக்கத்தை அளந்தே தெரிந்துகொள்ளலாம். மோனோ ரேடியோவைப் பழுது பார்ப்பவருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பாகங்களைக் கழற்ற ஆரம்பித்தால், நாற்பது கண்டென்சர் மாற்றிய பிறகும் பழுது அப்படியே இருக்கலாம். கூடவே ஒரு கண்டென்சர் பிளஸ், மைனஸ் மாறி உட்கார்ந்திருக்கலாம், போர்டில் ஒரு செம்புத் தடம் பிய்ந்திருக்கலாம். ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டைத் தேட வேண்டிவரும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் மீது சந்தேகம் விழுவது இயல்பு. பெட்டியிலேயே பெரிதாக, ஹீட்சிங்கில் உட்கார்ந்து சூடாகிற பாகம் அதுதான். ஆனால் அது போனால் சத்தம் இப்படிக் குறையாது. உள்ளே கால்கள் ஒட்டி ஷார்ட் ஆனால் ஸ்பீக்கர் லைனில் டிசி வோல்டேஜ் ஏறும். ஃபியூஸ் போகும், அல்லது பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச்) ஸ்பீக்கரை இணைக்கவே மறுக்கும். உள்ளே இணைப்பு அறுந்து ஓப்பன் ஆனால் ஒலி அலையின் ஒரு பாதி வெட்டுப்பட்டு, குரல் கிழிந்த மாதிரி கேட்கும். சிக்னலின் வோல்டேஜைப் பெருக்குவது அதற்கு முன்னால் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் செய்வது கரண்ட்டைக் கூட்டித் தருவது. பயனீயர் எஸ்எக்ஸ்-780 போன்ற சில ரிசீவர்களில் தனி டிரான்சிஸ்டருக்குப் பதில் எஸ்டிகே-0050 என்ற ஹைபிரிட் ஐசி (பல பாகங்களை ஒரே கட்டியாக அடைத்தது) இருக்கும். அதுவும் போனால் பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும். தெளிவாக, ஆனால் மெலிதாகக் கேட்கிறது என்றால் நான் அவுட்புட் பகுதியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி, வால்யூமைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது என்பது. இது கான்டாக்ட் பழுதின் கையெழுத்து. ரிலே, ஸ்விட்ச் இவற்றின் உலோக முனைகளில் வருடக்கணக்கில் ஒரு மெல்லிய கறைப்படலம் படிகிறது. சில மில்லிவோல்ட் சிக்னலால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. வோல்டேஜ் கூடும்போது படலம் உடைந்து முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பிறகு சும்மா கிடக்கும்போது மறுபடி மூடிக்கொள்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டேப் மானிட்டர் ஸ்விட்ச் (டேப் ரெக்கார்டரின் ஒலிக்கு மாற்றுவது), இன்புட் செலக்டர் (எந்தக் கருவியின் ஒலி என்று தேர்ந்தெடுப்பது) போன்றவை வால்யூம் குமிழுக்கு முன்னால் இருப்பவை. நீங்கள் குமிழைத் திருப்பினாலும் அவற்றின் வழியாகப் போகும் சிக்னல் கூடுவதில்லை, குறைவதும் இல்லை. ஆகவே வால்யூமைக் கூட்டியதால்தான் பழுது விலகுகிறது என்றால், பழுதான கான்டாக்ட் வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது: ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கர் ஏ/பி ஸ்விட்ச் (எந்த ஜோடி ஸ்பீக்கர் என்று தேர்ந்தெடுப்பது), அல்லது பின்புறத்தில் பிரீ அவுட்டையும் (முன்பகுதியிலிருந்து சிக்னல் வெளிவரும் ஜாக்) மெயின் இன்னையும் (அது பவர் ஆம்ப்புக்குள் நுழையும் ஜாக்) இணைக்கும் கம்பித் துண்டுகள். பெட்டியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை மூடியைத் திறக்காமலேயே விலக்கிவிட்டோம். குமிழைத் திருப்பும்போது அதன் உள்ளே இருக்கும் தொடுமுனை நகர்ந்து சரியாவதற்கும் ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. குமிழைத் தொடாமல், பாட்டை அனுப்பும் கருவியில் ஒலியைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இடது பக்கம் சரியாகிறதென்றால் வால்யூம் குமிழ் மேல் குற்றமில்லை. ஆனால் ஒலி நுழையும் இடத்திலேயே சிக்னலைக் கூட்டுவதால், இந்தச் சோதனை முன்பகுதி ஸ்விட்ச்களை விலக்காது. இரண்டு சோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊகம் இதுவரைக்கும் போதும். இனி உறுதி செய்ய வேண்டும்.

ரிசீவரை அணைத்துவிட்டு, பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். மெலிந்த சத்தம் இப்போது வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் பழுது ரிசீவரிலோ அதற்கு ஒலி அனுப்பும் கருவியிலோ இருக்கிறது. இடது ஸ்பீக்கரிலேயே நின்றால் ஸ்பீக்கர் அல்லது அதன் ஒயர். பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. அடுத்து இன்புட் ஒயர்களை அதேபோல் மாற்றுங்கள். சத்தக் குறைவு இடம் மாறினால் பழுது ஒலி அனுப்பும் கருவியிலோ ஒயரிலோ இருக்கிறது. இந்த இரண்டும் அற்பமாகத் தோன்றும். ஆனால் இவற்றைச் செய்யாமல் யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிறகு மோனோ பட்டன். அதை அழுத்தினால் இரண்டு பக்க சிக்னலும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் போகிறது. இந்த பட்டன் பெரும்பாலும் வால்யூமுக்கு முன்னால் இருக்கும். அழுத்தியதும் இரண்டு பக்கமும் சமமானால் பழுது பட்டனுக்கு முன்னால். அழுத்திய பிறகும் இடது பக்கம் மெலிதாகவே இருந்தால் பின்னால். மோனோ பட்டன் இல்லாத பெட்டியில் ஏஎம் ரேடியோவை வையுங்கள். ஏஎம் மோனோ என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிக்னல் போகும். எல்லா இன்புட்டிலும் சரியாக இருந்து ரெக்கார்ட் பிளேயரில் மட்டும் இடது பக்கம் குறைகிறதென்றால், ஃபோனோ போர்டைத் (ரெக்கார்ட் பிளேயரின் சிக்னலைப் பெருக்கும் போர்டு) திறப்பதற்கு முன், ஊசி மாட்டியிருக்கும் கார்ட்ரிட்ஜின் பின்புறம் உள்ள நான்கு சின்ன கிளிப்புகளையும், அதைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் முனைகளையும் பாருங்கள். அங்கே ஓடுவது 5 மில்லிவோல்ட் அளவு சிக்னல்; கொஞ்சம் கறை இருந்தாலே போதும், குறைந்துவிடும்.

ஹெட்ஃபோன் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஹெட்ஃபோனில் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் குறைகிறது என்று வையுங்கள். சில ரிசீவர்களில் ஹெட்ஃபோனுக்கான லைனும் ரிலேவைத் தாண்டித்தான் வருகிறது. 'அப்படியானால் ரிலே நல்ல நிலையில் இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹெட்ஃபோன் லைனில் ஏற்கெனவே சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடரில் இருக்கும். ரிலே முனையில் புதிதாக 8 ஓம் சேர்ந்தால் அந்த சில நூறில் அது தெரியவே தெரியாது. அதே 8 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் பாதியாகிறது. அதாவது 6 டெசிபல் குறைவு, காதுக்கு நன்றாகவே தெரியும். எனவே ஹெட்ஃபோனில் சரி, ஸ்பீக்கரில் குறைவு என்றால் ரிலே மீதும் ஸ்பீக்கர் ஸ்விட்ச் மீதும் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

பிரீ அவுட், மெயின் இன் ஜாக்குகள் உங்கள் பெட்டியில் இருந்தால் (மராண்ட்ஸ் 2270 போன்றவற்றில் உண்டு) வேலை பாதியாகக் குறைகிறது. ரிசீவரை அணைத்து, சில நிமிடம் விட்டு, வளைந்த கம்பித் துண்டுகளை எடுத்துவிட்டு, சாதாரண ஆர்சிஏ ஒயர் இரண்டால் இடது பிரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும், வலதை இடதுக்கும் கொடுங்கள். சத்தக் குறைவு பக்கம் மாறினால் பழுது முன்பகுதியில். மாறாமல் நின்றால் பவர் ஆம்ப் அல்லது ரிலே. ஒயர் மாற்றியதும் பழுது காணாமலே போய்விட்டால் குற்றவாளி அந்தக் கம்பித் துண்டுதான். நான் ஒருமுறை ஒரு டோன் கண்ட்ரோல் போர்டை முழுக்கப் பிரித்துப் புதுக் கண்டென்சர்கள் போட்டு, இரண்டு நாள் செலவழித்த பிறகு, அந்த இரண்டு கம்பிகளைத் துடைத்தபோதுதான் சத்தம் திரும்பியது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் அவற்றைத்தான் கழற்றித் துடைக்கிறேன்.

அடுத்து அளவு. 400 ஹெர்ட்ஸ் மோனோ டோன் (ஒரே சுருதியில் தொடர்ந்து ஒலிப்பது) ஒன்றைக் கைபேசியிலிருந்து கொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அதிக ஃபிரீக்வென்சியில் ஏசியைச் சரியாகக் காட்டாது என்பதால் 1000 ஹெர்ட்ஸைத் தவிர்க்கச் சொல்கிறேன். பேலன்ஸ் நடுவில், டோன் குமிழ்கள் நடுவில், லவுட்னஸ் பட்டன் அணைத்து வைக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் இணைந்திருக்க வேண்டும். நல்ல பக்கத்தின் ஸ்பீக்கர் முனைகளில் 1 வோல்ட் ஏசி வரும்வரை வால்யூமை வைத்து, மெலிந்த பக்கத்தை அதன் சொந்த முனைகளுக்கு இடையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நல்ல பக்கம் 3 வோல்ட் வரும்வரை கூட்டி மறுபடி அளவெடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 3 வோல்ட் என்பது ஒரு வாட்டுக்குச் சற்று அதிகம். காதுக்கு எரிச்சலாக இருக்கும், ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. 1 வோல்ட்டுக்கு அரை, 3 வோல்ட்டுக்கு ஒன்றரை என்று விகிதம் மாறாமல் இருந்தால் எங்கோ பெருக்கம் குறைந்திருக்கிறது. 1 வோல்ட்டுக்கு 0.3, 3 வோல்ட்டுக்கு 2.9 என்று விகிதம் தாவினால் அது கான்டாக்ட். உங்கள் பெட்டியில் இந்த இரண்டாவதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வால்யூம் குமிழ் மிகத் தாழ்வாக இருக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் 2, 3 டெசிபல் வித்தியாசம் நல்ல ரிசீவரிலும் உண்டு. அதைப் பழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பவர் ஸ்விட்ச்சின் பின்புறத்திலும் ஃபியூஸிலும் வீட்டு மின்சாரம் நேரடியாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் நிற்கும். பல ரிசீவர்களில் அது பிளஸ், மைனஸ் 30 முதல் 60 வோல்ட் வரை. ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கைபடாமல் பிடித்து, கண்டென்சரின் இரண்டு முனைகளுக்கும் இடையே சில வினாடி வைத்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிலே சோதனைக்கு ஓம் அளவு வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். டோன் ஓடும்போது, ஸ்பீக்கர் இணைந்த நிலையில், ரிலேயின் உள்வரும் காலுக்கும் வெளிப்போகும் காலுக்கும் இடையே ஏசி வோல்டேஜ் பாருங்கள். நல்ல ரிலேயில் அது கிட்டத்தட்டப் பூச்சியம். அங்கே 0.4 வோல்ட் நின்றால், அந்த 0.4 உங்கள் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் அளந்தால் கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் கெட்டுப்போன ரிலேயும் பூச்சியம்தான் காட்டும். மீட்டரின் முனை நழுவிப் பக்கத்துக் காலைத் தொட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும், ஆகவே கிளிப் முனையை, செட் அணைந்திருக்கும்போதே மாட்டிவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் ஸ்விட்ச்சுக்கும் இதே சோதனை.

ரிலேயின் மூடி கழன்றால், நல்ல தடித்த வெள்ளைத் தாளை நாடாவாக வெட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். தாளில் கறுப்பு வருவது நிற்கும்வரை செய்யுங்கள். உப்புத்தாள், அரம் எதுவும் வேண்டாம்; மேல் பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடி கறை பிடிக்கும். முனைகளில் குழி விழுந்திருந்தால் துடைப்பதில் அர்த்தமில்லை, புது ரிலே போடுங்கள். காயில் வோல்டேஜ், முனைகள் தாங்கும் ஆம்பியர், கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும். துடைத்ததால் சரியானாலும் புது ரிலே ஒன்றை வாங்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து. நாற்பது, ஐம்பது வருடம் உழைத்த ரிலே அது.

ஸ்விட்ச், குமிழ்களுக்கு மின்தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரே மட்டும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது அன்றைக்குச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்து, பின்னால் தூசியைப் பிடித்து வைக்கும் பிசினாகும். உலோக மூடியின் சின்ன இடைவெளி வழியாக ஒரு பீச்சு போதும். பிறகு குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முப்பது தடவை திருப்புங்கள். ஸ்பிரே காய்ந்த பிறகுதான் மின்சாரம். டேப் மானிட்டர் ஸ்விட்ச்சையும் மறக்க வேண்டாம். பல பெட்டிகளில் அதை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இனி, விகிதம் மாறாமல் இருந்த நிலை, அதாவது உண்மையிலேயே பெருக்கம் குறைந்த பழுது. இங்கேதான் இரட்டைச் சர்க்யூட்டின் அருமை தெரியும். டோனை ஓடவிட்டு, வால்யூமின் நடுக்கால், டோன் போர்டின் வெளிவழி, பவர் ஆம்ப் உள்வழி என்று இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக அளந்துகொண்டே போங்கள். எந்த ஜோடிவரை சமமாக இருக்கிறது, எந்த ஜோடியில் பிரிகிறது என்று பார்த்தால், பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். பிறகு அந்தப் பகுதியில் மட்டும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களிலும் டிசி வோல்டேஜை நல்ல பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுமார் 0.6 வோல்ட் இருக்க வேண்டும். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் நல்ல பக்கமே மேனுவல்.

டிசி எல்லாம் சமம், சத்தம் மட்டும் குறைவு என்றால் கண்டென்சர். அதிலும் பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. பவர் ஆம்ப்பின் ஃபீட்பேக் பாதையில் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கு உள்ளே திரும்பி வரும் பாதை), கிரவுண்டுக்குப் போகும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். வெளிவழியிலிருந்து 33 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிக்னல் திரும்பி வருகிறது, அங்கிருந்து 1 கிலோஓமும் இந்தக் கண்டென்சரும் தொடராகக் கிரவுண்டுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பின் பெருக்கம் 1+33, அதாவது 34 மடங்கு. கிட்டத்தட்ட 30 டெசிபல். கண்டென்சர் கொள்ளளவை இழக்க இழக்க முதலில் பேஸ் ஒலி (தாழ்ந்த சுருதி) மெலியும். முற்றிலும் ஓப்பன் ஆகிவிட்டால் பெருக்கம் வெறும் 1. ஒலி சுத்தமாக இருக்கும், டிசி அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும். டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் இது தீராது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, செட்டை அணைத்துவிட்டு, அதே மதிப்புள்ள நல்ல கண்டென்சர் ஒன்றைச் சரியான துருவத்தோடு அதன் மேலேயே இணையாக ஈயம் வைத்து, மறுபடி ஆன் செய்து கேட்பது. சத்தம் எழுந்து வந்தால் அதுதான். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கண்டென்சருக்கும் இதே முறை. அது காய்ந்திருந்தால் சத்தம் குறைவதோடு, பேஸ் ஒலி இல்லாமல் தகர டப்பாவில் பாடுவது போலிருக்கும்.

டிரான்சிஸ்டரில் 2எஸ்சி458, 2எஸ்ஏ726 என்ற எண்களைக் கண்டால் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்து 2எஸ்சி458களின் கால்கள் கறுத்துப்போயிருப்பது சகஜம். பட்பட்டென்ற இரைச்சல், சத்தம் ஏறி இறங்குவது எல்லாம் அவற்றால் வரும். 2எஸ்ஏ726க்கு கேஎஸ்ஏ992 நன்றாகப் பொருந்தும். எதைப் போட்டாலும் கால் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டே ஈயம் வையுங்கள். டிரை சால்டரையும் (ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு) தேடுங்கள்: குமிழ், ஜாக் போல அடிக்கடி அசையும் பாகங்களின் கால்களைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் இருக்கும். பாட்டு ஓடும்போது காய்ந்த மூங்கில் குச்சியால் போர்டை மெதுவாகத் தட்டினால் அந்த இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

பவர் ஆம்ப் போர்டில் எதையாவது மாற்றியிருந்தால் முதல் தடவை ஆன் செய்யும்போது ரிசீவருக்கு வரும் மின்சார லைனில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக்கொள்ளுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவெடுங்கள். இரண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம்.

ரிலேவைத் துடைத்தோ மாற்றியோ முடித்ததும், வால்யூமைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். அதிக சத்தத்தில் அது முன்பும் சரியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் தினமும் காலையில் முதல் வேலையாக, மிகக் குறைந்த வால்யூமில், பேலன்ஸ் நடுவில், மோனோவில் கேளுங்கள். ஏழாவது நாளும் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவிலிருந்து வந்தால் மூடியின் ஸ்க்ரூக்களை முடுக்கலாம்.